கோல்ட் ஸ்ப்ரே பழுதுபார்ப்பு: நைட்ரஜனா, ஹீலியமா, வெறும் காற்றா?

தேய்ந்த ஷாஃப்டையோ அரித்துப்போன ஹவுசிங்கையோ உலோகப் பவுடரை வாயுவின் வேகத்தில் அறைந்து ஏற்றும் கோல்ட் ஸ்ப்ரே பூச்சு போட்டு மீட்கலாம் என்று முடிவெடுத்தவர்களுக்குப் பாதிக் கிணறு தாண்டிய நிம்மதி வந்துவிடும். மீதிக் கிணறு விலைப்புள்ளி கேட்கும்போதுதான் தெரியும். ஒருவர் ஹீலியத்தில் போட்டால்தான் நிற்கும் என்பார். இன்னொருவர் நைட்ரஜனே தாராளம் என்பார். மூன்றாமவர் கையடக்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, பாகத்தைக் கழற்றாமலேயே காற்றில் அடித்துத் தருகிறேன் என்பார். மூவர் தாளிலும் வலிமை என்று ஓர் எண் இருக்கும். அந்த மூன்று எண்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல.

இந்த முறையில் பவுடர் உருகுவதில்லை. சூடாக்கி அழுத்திய வாயு, நடுவில் குறுகி மறுபடி விரியும் லாவல் நாசில் வழியாக மீயொலி வேகத்தில் பாய்கிறது. உலோகத் துகள்களையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாகத்தின் மேல் அறைகிறது. 1980களின் நடுவில் நோவோசிபிர்ஸ்கில் அனதோலி பப்பிரினும் சக ஆய்வாளர்களும் காற்றுச்சுரங்கச் சோதனைகளின்போது கவனித்தது இதைத்தான்: ஒரு வேகத்துக்குக் கீழே துகள் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத் தெறிக்கிறது, அதைத் தாண்டினால் ஒட்டிக்கொள்கிறது. அந்த மாறுநிலை வேகம் உலோகத்துக்கு உலோகம் மாறும். தாமிரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 500 முதல் 570 மீட்டர், அலுமினியத்துக்கு 620 முதல் 660 என்று வைத்துக்கொள்ளலாம். துகளின் அளவு, வெப்பம், மேலே படிந்த ஆக்சைடு ஆகியவற்றால் இது ஏறும், இறங்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வாயுவுக்குப் போகும் முன்பு பாகம் எப்படி உடையும் என்று யோசியுங்கள். பூச்சு அடி உலோகத்திலிருந்து பெயர்ந்து வந்துவிடுமோ என்பது உங்கள் கவலையானால் ஒட்டுவலிமை வேண்டும். பூச்சே சுமை தாங்க வேண்டும் என்றால் உள்வலிமையும், உடையும் முன் கொஞ்சமாவது நீளும் தன்மையும் வேண்டும். சுற்றிக்கொண்டோ அதிர்ந்துகொண்டோ இருக்கும் பாகமென்றால் லட்சக்கணக்கான சுமைச் சுற்றுகளைத் தாங்கும் திறன் வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்த அரை மில்லிமீட்டரை நிரப்பினால் போதும் என்றால் இவற்றில் பாதி தேவையே இல்லை. இவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகள்: அடி உலோகம் எவ்வளவு சூடு தாங்கும்? நாசில் அந்த இடத்துக்கு நேராகப் போய் நிற்குமா?

விலைப்புள்ளியில் வரும் எண் பெரும்பாலும் ஏஎஸ்டிஎம் சி633 என்ற தரப்படுத்திய இழுவைச் சோதனையில் கிடைத்தது. 25.4 மி.மீ. விட்டமுள்ள உருளையின் முகத்தில் பூச்சு போட்டு, அதே அளவு இன்னொரு உருளையைப் பிசினால் ஒட்டி, இரண்டையும் எதிரெதிராக இழுப்பார்கள். நல்ல எபாக்சி பிசினே 70, 80 மெகாபாஸ்கல் வாக்கில் அறுந்துவிடும். ஆகவே நல்ல பூச்சுகள் எல்லாமே அந்த உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும். ஹீலியப் பூச்சும் நைட்ரஜன் பூச்சும் தாளில் சமமாகத் தெரியும். எண்ணைப் பார்ப்பதைவிட உடைந்த முகத்தின் படத்தைக் கேட்டு வாங்குவது மேல். இரு முகத்திலும் பிசின் தெரிந்தால் பூச்சின் உண்மையான வலிமை அந்த எண்ணுக்கும் மேலே எங்கோ இருக்கிறது. ஒரு முகத்தில் அடி உலோகம் மொட்டையாகப் பளபளத்தால் ஒட்டியது பெயர்ந்திருக்கிறது. மேற்பரப்புத் தயாரிப்பைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் பூச்சின் உலோகமே தெரிந்தால் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான பிணைப்புதான் விட்டிருக்கிறது; அங்கே வாயுவையும் பவுடரையும் பார்க்க வேண்டும்.

பிசினின் வரம்பைத் தாண்டித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், கெட்டியாகப் பூச்சு ஏற்றி அதைச் சிறு மேடுகளாக மில்லிங் செய்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்கும் வெட்டுச் சோதனையைக் கேளுங்கள். பூச்சிலிருந்தே இழுவை மாதிரி வெட்டி எடுத்திருந்தால் எந்தத் திசையில் வெட்டியது என்றும் கேளுங்கள். துகள்கள் அப்பளமாகத் தட்டையாகி அடுக்கடுக்காக உட்காருவதால், அடுக்கின் போக்கில் ஒரு வலிமையும் அதற்குக் குறுக்கே வேறொரு வலிமையும் இருக்கும். விற்பவர் எதைக் காட்டுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

## மூன்று வழிகளும் ஒரே பார்வையில்

| | உயரழுத்த நைட்ரஜன் | உயரழுத்த ஹீலியம் | தாழழுத்தக் காற்று |
|---|---|---|---|
| வாயு அழுத்தம் | 50 பார் வரை, சில கருவிகளில் மேலும் | ஏறத்தாழ அதே | 10 பாருக்குள் |
| வாயுச் சூடு | அதிகம் வேண்டும் | குறைந்த சூடே போதும் | 600 டிகிரி வரை |
| பவுடர் | தாமிரம், அலுமினியம், நிக்கல், எஃகு, டைட்டானியம் | அதே, கடினமான கலவைகளும் | மென் உலோகம், கூடவே அலுமினா (அலுமினிய ஆக்சைடு) |
| நுண்துளை | மென் உலோகத்தில் மிகக் குறைவு, டைட்டானியத்தில் அதிகம் | மிகக் குறைவு | நடுத்தரம் |
| சுமை தாங்குமா | ஓரளவு | தாங்கும் | நம்ப வேண்டாம் |
| பணம் கரையும் இடம் | நாசில் அடைப்பு, வாயு வழங்கல் | வாயு, விட்ட வாயுவை மீட்கும் கருவி | வெட்டுளி, காற்று உலர்த்தி |

## உயரழுத்த நைட்ரஜன்

வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நைட்ரஜன் மலிவு, எங்கும் கிடைக்கும், தாமிரத்திலும் அலுமினியத்திலும் அடர்த்தியான பூச்சைத் தரும்.

இதன் எல்லை ஒலிவேகத்தில் இருக்கிறது. நாசிலில் வாயு எட்டும் வேகம், அந்த வாயுவில் ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. அறைவெப்பத்தில் நைட்ரஜனில் ஒலிவேகம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர், ஹீலியத்தில் சுமார் 1,000. நைட்ரஜனை 1,000 டிகிரிக்குச் சூடாக்கினாலும் 700 சொச்சம்தான் வரும். எனவே நைட்ரஜனில் வேகம் வேண்டுமென்றால் சூட்டை ஏற்றியாக வேண்டும். சூடு துகளையும் இளக்கும். அது ஒட்டுவதற்கு நல்லது, நாசிலுக்குக் கெட்டது. அலுமினியப் பவுடர் நாசிலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். சில நிமிடங்களில் துளை குறுகி, துகள் வேகம் விழுந்து, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாமல் உள்ளே பலவீனமான அடுக்கு ஏறிக்கொண்டிருக்கும். பாலிபென்சிமிடசோல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நாசிலில் அலுமினியம் அப்புவது குறைவு. ஆனால் அது சீக்கிரம் தேயும், அதிகச் சூட்டுக்கும் ஆகாது. ஆக அலுமினியத்துக்கு நைட்ரஜன் என்றால் நாசில் எத்தனை முறை மாற்றப்படும், அந்தக் கணக்கு விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம் நீட்சி. அடித்தபடியே விட்ட நைட்ரஜன் பூச்சு கடினமாக இருக்கும், ஆனால் 1 சதவீதம்கூட நீளாமல் முறிவது சாதாரணம். தேய்மானத்தை நிரப்பும் வேலைக்கு இது ஒரு குறையே அல்ல. வளையும், அதிரும் பாகத்துக்கு இது பெரிய குறை.

தேய்ந்த ஷாஃப்ட் இருக்கைகள், பம்ப் ஹவுசிங், அரிப்பில் பள்ளம் விழுந்த முகங்கள், தாமிர மின்தொடர்புகள்: இவற்றுக்கு நைட்ரஜன் போதும். மேலே காசு கொடுப்பது வீண்.

## உயரழுத்த ஹீலியம்

ஒரே பவுடரை ஒரே அழுத்தத்தில் ஹீலியத்தில் அடித்தால் துகள் வெகு வேகமாக மோதும். அதிக உருத்திரிபில் ஆக்சைடு தோல் கிழிந்து, புத்தம்புது உலோகம் உலோகத்தைத் தொடும் பரப்பு கூடுகிறது. ஒட்டுவலிமை, உள்வலிமை, நீட்சி மூன்றும் ஒருசேர ஏறுவதற்கு அதுதான் காரணம். அலுமினியக் கலவைகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். டைட்டானியத்தில் இன்னும் தெளிவு: நைட்ரஜனில் சில சதவீத நுண்துளையோடு நிற்கும் பூச்சு ஹீலியத்தில் நன்றாக இறுகும்.

சூடு குறைவாகவே போதும் என்பது இரண்டாவது லாபம். மெல்லிய மக்னீசியக் கூடு, பதப்படுத்திய அலுமினியம் போன்ற சூடு பொறுக்காத பாகங்களுக்கு இது முக்கியம். ஹெலிகாப்டர்களின் மக்னீசியக் கியர்பாக்ஸ் கூடுகளை அலுமினியம் தெளித்து மீட்கும் வேலையை அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் முன்னெடுத்ததற்கு, அவற்றை வெல்டிங் செய்வதில் உள்ள தலைவலியே பெரிய காரணம். இந்த முறைக்கென்றே மில்-எஸ்டிடி-3021 என்ற அமெரிக்க ராணுவத் தரநிலையும் 2008இல் வந்தது.

செலவுக்கு வருவோம். உயரழுத்தக் கருவி ஒரு ஹீலியச் சிலிண்டரைச் சில நிமிடங்களில் குடித்துவிடும். பூமியில் ஹீலியம் வரம்புக்குட்பட்ட பொருள். விலை ஏறி இறங்கும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. விட்ட வாயுவைப் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் கருவி உண்டு. ஆனால் அது வாரம் முழுக்க வேலை உள்ள பட்டறைக்குத்தான் கட்டுப்படியாகும். அடைத்த அறையில் அடித்தாக வேண்டும் என்பதால் பெரிய பாகத்தை உள்ளே கொண்டுபோவதும் தனிப் பாடு.

இடைவழி ஒன்றுண்டு: முதல் சில அடுக்கை ஹீலியத்தில் போட்டு ஒட்டுதலை உறுதிசெய்துவிட்டு, கனத்தை நைட்ரஜனில் ஏற்றுவது. பெயர்ந்துவிடுமோ என்பது மட்டுமே கவலையென்றால் இது நல்ல பேரம். பூச்சே சுமை தாங்க வேண்டும் என்றால் பயனில்லை; மேலே உள்ள நைட்ரஜன் அடுக்கில் விரிசல் விடும்.

## தாழழுத்தக் காற்று

கருவியைக் கையில் எடுத்துப் போகலாம், கம்ப்ரசர் காற்று போதும், இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் நேரம் குறைவு. சில சூழலில் இந்த மூன்று காரணங்களே முடிவைச் சொல்லிவிடும். துகள் வேகம் நொடிக்கு 300 முதல் 600 மீட்டர் வரைதான் என்பதால், தாமிரம், அலுமினியம், துத்தநாகம் போன்ற மென் உலோகங்களோடு அலுமினாத் துகளையும் கலந்து அடிப்பார்கள். அலுமினா மூன்று வேலை செய்கிறது: நாசில் அடைக்காமல் சுரண்டுகிறது, அடி உலோகத்தைச் சுத்தம் செய்கிறது, விழுந்த அடுக்கைச் சுத்தியலால் தட்டுவதுபோல் இறுக்குகிறது. கொஞ்சம் உள்ளேயே தங்கியும்விடுகிறது. தங்கிய அலுமினா தேய்மானத்துக்கு உதவும், நீட்சியைக் கெடுக்கும், பிறகு கடைசல் செய்யும்போது வெட்டுளியைத் தின்னும்.

காற்றில் எண்ணெயும் ஈரமும் இருந்தால் வேலை கெட்டது. நல்ல உலர்த்தியும் வடிகட்டியும் இல்லாத இடத்தில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. வார்ப்பில் உள்ள நுண்துளைக் கசிவு, அச்சுகளில் விழுந்த குழி, அளவு மீட்பு, மின்கடத்தும் ஒட்டு ஆகியவற்றுக்கு இது சரி. வலிமை என்ற சொல் உங்கள் வரைபடத்தில் எங்காவது இருந்தால் இந்த வழி வேண்டாம்.

## வாயுவைவிட முதலில் பணம் போக வேண்டிய இடம்

என் அபிப்பிராயத்தில் பழுதுபார்ப்புகள் தோற்பதற்கு வாயுவைவிட மேற்பரப்பும் கோணமும்தான் அதிகம் காரணமாகின்றன. ஹீலியத்துக்குச் செலவழித்துவிட்டு, மேற்பரப்புத் தயாரிப்பை வேலை பழகும் புதியவர் கையில் கொடுக்கும் பட்டறைகள் இருக்கின்றன.

அலுமினா மணலை வேகமாக அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் கிரிட் பிளாஸ்டிங் செய்வது வழக்கம். எஃகுக்குச் சரி. அலுமினியம், மக்னீசியம் போன்ற மென் உலோகத்தில் மணல்துகள் குத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். இழுவைச் சோதனையில் இது தெரியாமலே போகலாம். ஆனால் ஏறி இறங்கும் சுமையில் ஒவ்வொரு துகளும் விரிசல் தொடங்கும் புள்ளி. அப்படிப்பட்ட பாகத்துக்குத் தேய்ப்புப் பட்டையால் தேய்த்து, கரைப்பானால் எண்ணெய் போக்கினால் போதும். எப்படித் தயாரித்தாலும் உடனே அடிக்க வேண்டும். காலையில் தயாரித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடிப்பவரிடம் புது ஆக்சைடு வந்து உட்கார்ந்திருக்கும்.

பவுடரும் அப்படித்தான். பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரான் வரை உள்ள துகள் தோதானது. ரொம்பப் பொடியானது பாகத்தின் முன்னால் நிற்கும் அதிர்ச்சி அலையிலேயே வேகம் இழக்கும். ரொம்பப் பெரியது வேகமே பிடிக்காது. திறந்து வைத்து ஈரம் வாங்கிய பவுடர் எந்த வாயுவிலும் தேறாது. வயதுக்கடினம் ஏறும் (நாள்படவோ மிதமான சூட்டிலோ கடினமாகும்) அலுமினியக் கலவைகளில், பவுடரை முன்கூட்டியே வெப்பப்பதம் செய்து இளக்கி வைப்பது நைட்ரஜனில் நல்ல பலன் தரும். ஹீலியத்துக்கான காசில் ஒரு பகுதியை இப்படி மிச்சம் பிடிக்கலாம்.

இப்போது கோணம். துகள் நொடிக்கு 700 மீட்டரில் வருகிறது என்று வையுங்கள். 90 டிகிரியில் மோதினால் முழு வேகமும் அழுத்தும். 60 டிகிரியில் மோதினால் செங்குத்தாக அழுத்தும் பங்கு 606 மீட்டர். அலுமினியத்துக்கு அது மாறுநிலை வேகத்துக்கும் கொஞ்சம் கீழே. 45 டிகிரியில் 495, தாமிரம்கூடத் தடுமாறும். இதே கணக்கைச் செங்குத்துச் சுவருள்ள 2 மி.மீ. ஆழக் குழியில் போட்டுப் பாருங்கள். நாசில் குழியின் தரைக்கு நேராக நிற்கிறது, சுவருக்கோ கிட்டத்தட்ட இணையாக. தரை ஒட்டும், சுவர் ஒட்டாது. மேலே கடைசல் பிடித்துப் பளபளப்பாக்கினால் கண்ணுக்கு நிரம்பியதாகத் தெரியும் இடத்தில், சுவரோரம் சுற்றிலும் ஒரு மறைந்த இடுக்கு இருக்கும். அரிப்பும் விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மருந்து சுலபம், ஆனால் கசப்பு: குழியை அகலமான கிண்ணம்போல் சரித்துவிட வேண்டும், சரிவு 30 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, சரிவிலும் நாசிலைச் சாய்த்து அடிக்க வேண்டும். அதற்கு நல்ல உலோகத்தையும் கொஞ்சம் வெட்டி எறிய வேண்டியிருக்கும். அந்த வெட்டை வரைபடம் அனுமதிக்கிறதா என்பதை விலைப்புள்ளிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

தூரம் 25 முதல் 50 மி.மீ. வரை வழக்கம், இதில் பெரிய தகராறு இல்லை. நாசில் நகரும் வேகத்தில் உண்டு. மெதுவாக நகர்த்தி ஒரே ஓட்டத்தில் கனம் ஏற்றினால் பூச்சு முக்கோண மேடாக எழும், மேட்டின் பக்கங்கள் செங்குத்தாகும், அடுத்த ஓட்டத்தின் துகள் அந்தப் பக்கங்களில் சாய்வாக மோதும். குழிச்சுவர் கதைதான் திரும்ப வருகிறது. வேகமாக நகர்த்தி, ஓட்டங்களை நன்றாக மேற்படியவிட்டு, மெல்லிய அடுக்குகளாக ஏற்றுவதே நல்லது. நேரம் கூடும், வலிமையும் கூடும்.

## பிறகு சூடு காட்டலாமா

காட்டினால் நீட்சி திரும்பும், துகள் எல்லைகள் ஓரளவு இணையும், கடினம் குறையும். தாமிரத்தை 300, 400 டிகிரியில் பதப்படுத்தினால் நல்ல மாற்றம் தெரியும். ஆனால் பாகமும் கூடவே சூடாகிறது. விமானப் பாகங்களில் வரும் 7075-டி6 என்ற அலுமினியக் கலவை, 120 டிகிரி வாக்கில் நெடுநேரம் வைத்து முதுமைப்படுத்திப் பெற்ற வலிமையில் நிற்பது. அதை 300 டிகிரிக்குக் கொண்டுபோனால் பூச்சைக் காப்பாற்றி விமானப் பாகத்தைத் தொலைத்ததாக ஆகும். சூடு காட்ட முடியாத அடி உலோகத்துக்குத்தான் ஹீலியம் தன் விலையை நியாயப்படுத்துகிறது. சூடு காட்டலாம் என்றால் நைட்ரஜனும் அடுப்புமாகச் சேர்ந்து பெரும்பாலும் மலிவாக முடியும்.

## எனவே யாருக்கு எது

அளவு மட்டும் போயிருக்கிறது, சுமை அடி உலோகத்தின் மேல்தான் என்றால் நைட்ரஜன். கசிவை நிறுத்தினால் போதும், கழற்ற முடியாத பாகம் என்றால் காற்று. பூச்சு சுமை தாங்க வேண்டும், பாகம் சூடு பொறுக்காது, ஏறி இறங்கும் சுமை என்று மூன்றும் சேர்ந்தால் ஹீலியத்தைத் தவிர வேறு வழியில்லை. டைட்டானியம் என்றாலும் ஹீலியத்தின் பக்கமே சாய்வேன்.

எதைத் தேர்ந்தாலும் சோதனைத் தகட்டைத் தட்டையாக வைத்து 90 டிகிரியில் அடித்துக் காட்ட விடாதீர்கள். உங்கள் குழியின் அதே ஆழம், அதே சரிவு, அதே தயாரிப்பு உள்ள மாதிரியில் அடித்து, குறுக்காக வெட்டி, பாலிஷ் போட்டு, சுவரோரத்தை நுண்ணோக்கியில் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் பட்டறையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

குறுகிய துளையின் உட்சுவர் என்றால் இந்த ஒப்பீடு முழுதுமே பொருந்தாது. நாசிலின் நீளமும் நிற்கும் தூரமும் சேர்த்தால் நேர்கோணத்தில் உள்ளே நிறுத்த இடம் இருக்காது. அதற்கென்று செய்த குட்டை நாசிலில் துகள் போதுமான வேகம் பிடிக்காது. அங்கே துளையைப் பெரிதாக்கி ஒரு புஷ் (உள்ளே செருகும் உலோக உறை) போட்டுவிடுவது மலிவு, உறுதியும்கூட.